முதுகுப் பக்கம் எழும்பின சூரியன்

— இத்தாலி எண்டுதான் படகுக்காரன் சொன்னவன், பெர்னடெற் அக்கா. ஆனா எனக்கு ஏதோ பிழை போலை கிடக்கு.

— என்ன பிழை, கஸ்பர்? உன்ரை மனிசி மெற்றில்டா எங்கை?

— பக்கத்திலைதான். உடுப்பெல்லாம் ஈரம், நடுங்கிறா. ரெண்டு இரவு கடலிலை. விடிய முந்தி கரையிலை இறக்கிப்போட்டுப் போட்டான். கூட வந்த ஆக்கள் சிதறிப் போச்சினம். இப்ப ஒரு கடைக்குள்ளை நிண்டு கதைக்கிறன். கடைக்காரன் போனைத் தந்தவன்.

— பதறாதை தம்பி. நான் கோயிலுக்கும் போகாமல் இஞ்சை மோர்டன் வீட்டிலை போனடியிலைதான் கிடக்கிறன். பிள்ளையின்ரை ஸ்கூல் அட்லஸ் மடியிலை இருக்கு. அந்த இடம் எப்பிடி, சொல்லு பாப்பம்.

— ஒரு குடா. லாடம் மாதிரி வளைஞ்சு கிடக்கு. ரெண்டு பக்கமும் பாறை முனை, வாயிலை ஒரு குட்டித்தீவு. அதுக்கும் அங்காலை பெரிய மலைத்தீவு ஒண்டு, கிட்டத் தெரியுது.

— பெரிய தீவோ? உங்களை இறக்கிறதெண்ட கரைக்கு முன்னாலை வெறும் கடலெல்லோ கிடக்கு!

— அப்ப?

— பொறு. காலமை சூரியன் எங்காலை எழும்பினது?

— மலைக்குப் பின்னாலை. எங்கடை முதுகுப் பக்கம்.

— கடலுக்குள்ளாலை இல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லு!

— இல்லையக்கா. ஏன்?

— உங்களைப் படகிலை ஏத்தின ஏஜென்ற் சொன்ன கரை கிழக்கைப் பாத்தது, தம்பி. அங்கை கடலுக்குள்ளாலைதான் விடியவேணும்.

— மாதாவே... அப்ப இது எந்த ஊர்?

— கடையிலை கொடி கிடி ஏதும் இருக்கோ?

— சுவரிலை ஒண்டு கிடக்கு. சிவப்பு. பிறையும் நட்சத்திரமும்.

— ஐயோ! துருக்கி. ஏறின நாட்டிலையே திருப்பிக் கொண்டந்து இறக்கிப்போட்டான், படுபாவி.

— பிடிச்சா கொழும்புக்குத்தானே ஏத்துவாங்கள்? போனமுறை அங்கை என்னை என்ன செய்தவங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். இன்னொருக்கா ஏலாது அக்கா. சத்தியமா ஏலாது.

— அழாதை ராசா. கடைக்காரன் என்ன செய்யிறான்?

— வாசலுக்குப் போறான்... ஜீப் சத்தம். அக்கா, பொலிஸ்! நேரை இஞ்சைதான் வருது!

— பின்கதவு இருக்கோ? மெற்றில்டாவை இழுத்துக்கொண்டு ஓடு!

— ஓட ஏலாது. கடைக்காரன் கதவைப் பூட்டிறான்! எங்களை வைச்சுப் பூட்டிப்போட்டான்!

— காட்டிக் குடுத்திட்டான்... கஸ்பர்? தம்பி, கதையன்!

— மெல்ல அக்கா... அவனும் உள்ளுக்கைதான் நிக்கிறான். லைற்றை நூத்துப்போட்டு, மெற்றில்டாவை மா மூட்டையளுக்குப் பின்னாலை இருத்திப்போட்டு, என்னைப் பாத்து வாயிலை விரல் வைக்கிறான்.