சலூனுக்கு வந்த பலகை

இன்ஸ்பெக்டர்: மெதுவா... மெதுவா! தொண்டைப் பக்கம் வரும்போது மட்டும் உங்க கை ஏன் இப்படி அழுத்துது?

சலூன்காரர்: பேசாம இருந்தா அழுத்தாது சார். சோப்பு வாய்க்குள்ள போயிடும்.

இன்ஸ்பெக்டர்: இருபத்திரண்டு வருஷக் கோபத்தைக் கத்தியில காட்டுறீங்களோன்னு பார்த்தேன்.

சலூன்காரர்: காட்டுறதா இருந்தா அன்னிக்கே காட்டியிருப்பேன். சுகாதார இன்ஸ்பெக்டர்னு சொல்லிட்டு வந்து, ‘இங்கே புகை பிடிக்கக் கூடாது’ன்னு என் கண்ணாடிக்கு மேல பலகை மாட்டினீங்களே... அப்பவும் கையில கத்திதான் இருந்துச்சு.

இன்ஸ்பெக்டர்: பலகை இன்னும் அப்படியே இருக்கு!

சலூன்காரர்: நாலு ஆணி அடிச்சீங்க. பிடுங்கினா சுவரும் கூடவே வரும். தலையை நிமிர்த்துங்க.

இன்ஸ்பெக்டர்: இப்பல்லாம் அதை யாரு படிக்கப் போறா?

சலூன்காரர்: ஒருத்தரும் இல்ல. ‘சலூனுக்குள்ளயா பிடிப்பாங்க?’ன்னு இந்தக் காலத்துப் பசங்க என்னையே ஒரு மாதிரி பார்க்குறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்... அப்பல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில கதவைத் திறந்தா புகையில உள்ள யார் இருக்காங்கன்னே தெரியாது. இருமலை வச்சுத்தான் அடையாளம். ‘ஓ, தையல்காரரா, வாங்க வாங்க!’

இன்ஸ்பெக்டர்: ஹா... ஹா!

சலூன்காரர்: சிரிக்காதீங்க, கத்தி! ஒரு பேப்பரை நாலாப் பிரிச்சு நாலு பேர் படிப்பாங்க. ஒரே சிகரெட் நாலு கை மாறும். ரேடியோவுல பாட்டு, அதுக்கு மேல இவங்க சத்தம். சாயங்காலம் ஈரத்துணியால கண்ணாடியைத் துடைச்சா, துணி டீயில நனைச்ச மாதிரி வரும். ஆனாலும் சார்... அந்தக் கலகலப்பு இருக்கே...

இன்ஸ்பெக்டர்: அத்தனை புகைக்கும் நடுவுல ஒருத்தர் கால்மேல கால் போட்டு உக்காந்திருப்பார்.

சலூன்காரர்: வேற யாரு? என் மச்சான். வீட்டுக்காரியோட அண்ணன். பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. ‘என்ஜின்’னு சொன்னா தபால்கூட வந்து சேரும்.

இன்ஸ்பெக்டர்: கேள்விப்பட்டேன்... அதுக்குத்தான் வந்தேன். ஷேவிங் ஒரு சாக்கு.

சலூன்காரர்: ...போன மாசம் சார். மத்தியானம் சாப்பிட்டு நாற்காலியில சாஞ்சார். அவ்வளவுதான். எழுபத்தொன்பது வயசு. ஒருநாள்கூடப் படுக்கையில கிடக்கல.

இன்ஸ்பெக்டர்: நல்ல மனுஷன். என்னைத் தெருவே கேக்குற மாதிரி திட்டினாரே!

சலூன்காரர்: ‘இது என் மாப்பிள்ளை கடை! மூச்சு விடுறதுக்கும் சட்டம் போடுவீங்களாய்யா? கவர்ன்மென்ட்டுக்கு வேற வேலை இல்லையா?’

இன்ஸ்பெக்டர்: அதே குரல்! அப்படியே பேசிக் காட்டுறீங்க.

சலூன்காரர்: நான் மட்டும் என்ன, சட்டம் வந்த புதுசுல மனசுக்குள்ள அதையேதான் கேட்டேன். பிடிச்சா பிடிக்கிறான், செத்தா சாகுறான். கவர்ன்மென்ட்டுக்கு என்ன வந்துச்சு?

இன்ஸ்பெக்டர்: எங்க அதிகாரி கையில இருந்த சிகரெட்டை ஓரமா வச்சிட்டுத்தான் அந்த உத்தரவுல கையெழுத்துப் போட்டார். போட்டதும் மறுபடி எடுத்துக்கிட்டார்.

சலூன்காரர்: அடப்பாவி!

இன்ஸ்பெக்டர்: ‘நான் பிடிக்கிறது என் பாடு. பக்கத்துல நிக்கிறவன் என்ன பண்ணுவான்? அவனுக்காகத்தான்யா இது’ன்னார்.

சலூன்காரர்: ம்... கேக்கணும்னு ரொம்ப நாளா ஒண்ணு. சட்டம் வந்து ஆறு மாசம் இந்தத் தெருவுல யாரும் கண்டுக்கல. முதல்ல என் கடைக்கு மட்டும் ஏன் வந்தீங்க?

இன்ஸ்பெக்டர்: சும்மா... வழக்கமான சோதனைதான்.

சலூன்காரர்: வழக்கமான சோதனைக்கு ஆணியும் சுத்தியலும் எடுத்துட்டு வருவீங்களா?

இன்ஸ்பெக்டர்: இந்தப் பக்கம் கிருதா கொஞ்சம் ஏறியிருக்கு பாருங்க.

சலூன்காரர்: பேச்சை மாத்தாதீங்க. நானே சொல்லிடறேன். இனிமே யாருக்குப் பயப்படணும்... பெயர் போடாம ஒரு கடுதாசி வந்துச்சுல்ல? அதை எழுதினது நான்தான்.

இன்ஸ்பெக்டர்: தெரியும்.

சலூன்காரர்: தெரியுமா! எப்படி?

இன்ஸ்பெக்டர்: கவரைப் பிரிச்சதும் மேசையெல்லாம் பொடிப்பொடியா முடி.

சலூன்காரர்: ஐயோ... மானம் போச்சு!

இன்ஸ்பெக்டர்: உங்க கடை, நீங்களே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே?

சலூன்காரர்: யார்கிட்ட? மச்சான்கிட்டயா? தங்கச்சியையும் குடுத்து, இந்தக் கடையையும் பிடிச்சுக் குடுத்த மனுஷன் சார். இந்த நாற்காலியை அவரே தோள்ல தூக்கிட்டு வந்து போட்டார். அவரைப் பார்த்து ‘வெளியில போய்ப் பிடிங்க’ன்னு சொல்ல எனக்கு நாக்கு வருமா?

இன்ஸ்பெக்டர்: உங்க பாப்பாவுக்காகத்தானே?

சலூன்காரர்: பின்கட்டுதானே எங்க வீடு. நடுவுல ஒரு திரைச்சீலை. அதுக்குப் புகையை நிறுத்தத் தெரியுமா? அப்ப பாப்பாவுக்கு அஞ்சு வயசு. இளைப்பு. ஒருநாள் உதடெல்லாம் நீலமாயிடுச்சு. மச்சான்தான் தூக்கிட்டு ஓடினார். நான் பின்னாடியே ஓடறேன்... அவர் காதுல சொருகின சிகரெட் அப்படியே இருக்கு. டாக்டர் கேட்டார், ‘வீட்டுல யாராவது புகை பிடிக்கிறீங்களா?’

இன்ஸ்பெக்டர்: நீங்க என்ன சொன்னீங்க?

சலூன்காரர்: ‘யாருமில்ல’ன்னேன். மச்சான் பக்கத்துலயே நிக்கிறார் சார். எப்படிச் சொல்றது? அவர் தலையைக் குனிஞ்சு செருப்பையே பார்த்துட்டு நின்னார். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுதினேன்.

இன்ஸ்பெக்டர்: பாப்பா இப்ப எப்படி இருக்கா?

சலூன்காரர்: அவளுக்கே ரெண்டு குழந்தைங்க. மூணு மாடி ஏறிப்போய் பாடம் நடத்துறா. மூச்சு வாங்குறதில்ல.

இன்ஸ்பெக்டர்: அப்புறம் என்ன?

சலூன்காரர்: மச்சானை நினைச்சாத்தான்... நீங்க பலகை மாட்டினப்புறம் மழையிலகூட வெளியிலேயே நிப்பார் சார். ஜன்னல் வழியா உள்ள இருக்கவங்களோட பேசுவார். எனக்குக் கத்தியே ஓடாது. ரெண்டு மாசம் அப்படி. அப்புறம் ஒருநாள் வெறுங்கையை வீசிட்டு உள்ள வந்து உக்காந்தார். விட்டுட்டார். ஏன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.

இன்ஸ்பெக்டர்: ம்...

சலூன்காரர்: ஆனா திட்டுறதை மட்டும் விடல. ‘எந்தப் பாவி எழுதிப் போட்டானோ’ன்னு கடைசி வரைக்கும் திட்டினார். அந்தப் பாவிதான் அவருக்கு ஷேவ் பண்ணிட்டிருந்தான். கடைசியா முகம் வழிச்சு விட்டப்பகூட... சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். கேக்க அவர் இல்ல.

இன்ஸ்பெக்டர்: ...கத்தியைக் கீழ வைங்க.

சலூன்காரர்: இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருக்கு சார்.

இன்ஸ்பெக்டர்: இருக்கட்டும். முதல்ல உக்காருங்க. உங்க கடுதாசி வந்தது செவ்வாய்க்கிழமை. அதுக்கு முந்தின நாளே இன்னொண்ணு வந்துடுச்சு.

சலூன்காரர்: இன்னொண்ணா? என் கடை மேலயா? எவன் எழுதினான்?

இன்ஸ்பெக்டர்: தான் இருக்கிற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் போட்டு எழுதியிருந்தார். எனக்கு இன்னும் வரி வரியா ஞாபகம் இருக்கு. ‘ஐயா, என் தங்கச்சி வீட்டுக்காரர் கடையில நாளெல்லாம் சிகரெட் பிடிக்கிறவன் நான்தான். குழந்தைக்கு மூச்சு முட்டுது. நானா நிறுத்திப் பார்த்தேன், முடியல. மாப்பிள்ளை என்னை வெளியில போன்னு சொல்லவே மாட்டார். அவரைச் சொல்ல வைக்கவும் வேண்டாம், கூசிப் போயிடுவார். நீங்க வந்து விரட்டுங்க. நான் கொஞ்சம் சத்தம் போடுவேன், அதையெல்லாம் கண்டுக்காதீங்க.’