ஏசி சத்தம்

முத்தியால்பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு டிரைவர், பக்கத்தில் ஊரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய அவர் மச்சான்.

"ஆஸ்பத்திரிலேந்து உன் தங்கச்சியையும் புள்ளையையும் கூட்டியார மொதலாளி காரக் குடுத்தாரு. ஏசிதான் குளுரல. கேஸ் ஏத்தினா ஒழுகிடுது. பைப்புல சோப்புத்தண்ணி தடவிப் பாத்தேன், ஒரு ஜாயிண்ட்ல குமிழி விட்டுச்சு. வாஷர் மாத்தி மறுபடி கேஸ் ஏத்தினேன். ஐஸ் மாதிரி அடிச்சுது மச்சான்!"

"அப்ப ஜம்முனு வந்திருப்பாங்க."

"எங்க? புள்ள ஒரு தும்மல் போட்டுது. ஒடனே ஏசிய நிறுத்தச் சொல்லிட்டா, கண்ணாடியையும் ஏத்தச் சொல்லிட்டா. வீடு வர்றதுக்குள்ள என் சட்ட தொப்பலா நனைஞ்சு போச்சு."

"திட்டினியா?"

"புள்ள தூங்குதே, எப்பிடித் திட்டறது? எறங்கும்போது முந்தானையால என் மூஞ்சத் தொடச்சுவிட்டு, 'நல்லாத்தான் ரிப்பேர் பண்ணியிருக்கீங்க, சத்தமே வரல'ங்கறா."