கைக்குப் பலம் வரவில்லை

கல்யாணமாகி முப்பது வருஷம் கடந்தும் என் கணவருக்குத் தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, தர்மினி மிஸ். செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெறும்வரை விடியுமுன் போவார், பொழுது சாய்ந்து வருவார். மேசைமேல் சாப்பாடு இருக்க வேண்டும், இருக்கும். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பேசிக்கொண்டதில்லை.

அவர் தவறிப்போன பிறகு இன்றைக்குத்தான் உங்களிடம் கைப் பயிற்சிக்கு வருகிறேன். பிடி பலம் பார்க்கும் கருவியைக் கையில் கொடுத்தீர்கள். ஏதோ நினைப்பில் இருந்துவிட்டேன், முழுசாக அழுத்திவிட்டேன். முள் எங்கே போய் நின்றது என்று நானும் பார்த்தேன். "ஆன்ட்டி, இந்தக் கை எப்பவோ நல்லாயிருச்சுலா" என்றீர்கள். ஆமாம், எப்பவோ நல்லாகிவிட்டது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

வியாதி பொய்யில்லை. எலெக்ட்ரானிக் பேக்டரியில் ஸ்க்ரூ முடுக்கி முடுக்கி வந்தது. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போகும். படுத்தால் எறும்பு ஊறும். எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டே இருப்பேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவார். வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, வெட்டித் தளர்த்தி விட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டார்கள். துணித் திரைக்கு அந்தப் பக்கம் யார் கையையோ அறுப்பதுபோலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்று வீரப்பன், அதுதான் என் கணவர், தட்டில் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். "ஆ காட்டு" என்றார். உருண்டை பெரிசு, உப்பு இல்லை. ஊட்டும்போது வெட்கப்பட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

பிறகு தலை பின்னக் கற்றுக்கொண்டார். லாரியில் கான்வாஸ் கட்டுகிற மாதிரி இழுத்து முடிச்சுப் போடுவார். பின்னால் நின்றுகொண்டால் அவருக்குப் பேச்சு வந்தது. முகம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. தன் அம்மா செத்த அன்றைக்கும் லோடு ஏற்றிப் போனதையும், சிம்பாங் அம்பாட் பக்கம் லாரியை ஓரங்கட்டிவிட்டு அழுததையும் ஒருநாள் சொன்னார். இத்தனை வருஷம் நான் அறியாத சேதி.

தையல் பிரித்தார்கள். உள்ளங்கையை ஊன்றினால் கொஞ்ச காலம் வலித்தது, அப்புறம் அதுவும் போயிற்று. ஒருநாள் அவர் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தபோது ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். சுலபமாகத் திறந்தது. இறுக்கி மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். அவர் வந்ததும், "என்னங்க, இதக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்" என்றேன். யாருக்கு என்ன நஷ்டம்?

உங்களிடம் வரும்போதெல்லாம் அரைவாசிதான் அழுத்துவேன். நீங்கள் இன்னும் பயிற்சி கொடுத்தீர்கள். பாவம், உங்களைச் சிரமப்படுத்திவிட்டேன். மெர்லிமாவிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவர்தான் மோட்டாரில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார்.

சமையல் கேஸ் தோங்கைத் தூக்கி அடுப்பில் மாட்டும்போதுதான் அவருக்கு முதலில் நெஞ்சை அடைத்தது. இருதயத்தில் அடைப்பு என்றார்கள். பாரம் தூக்கக் கூடாது, அலையக் கூடாது, வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள என்று சின்ன பாட்டிலில் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ஜொகூரிலிருந்து மகன் தினேஸ்வரன் போன் பண்ணி, வீட்டு வேலைக்கு ஆள் வைக்கலாம் என்றான். வெளியாள் கையால் சாப்பிட எனக்கு ஒத்துவராது என்றேன். அவரும், "நான் பாத்துக்கிறேன்லா" என்றுதான் சொன்னார். நான் கட்டாயப்படுத்தவில்லை.

வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டு அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பேன். சொல்லிவிடலாம் என்று நினைத்ததுண்டு. ஆனால் எப்படிச் சொல்வது? இன்றைக்குத்தான் சரியானது என்று சொல்லியிருக்கலாம்தான். அப்படிச் சொன்னால் மறுநாள் யார் தலை பின்னுவது?

அன்று காலை பின்னிக்கொண்டிருந்தார். பாதியில் கை நின்றது. திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் வியர்வை. பையிலிருந்து பாட்டிலை எடுத்தார், மூடி வழுக்கியது. என்னிடம் நீட்டினார்.

"மலரு, திற."

வாங்கினேன். வலது கையால் பிடித்துத் திருகுவதுபோலச் செய்தேன். தலையை ஆட்டினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, மிஸ்? "பரவால்ல, ஒனக்குக் கை முடியாது. ஜெயாவக் கூப்பிடு" என்றார்.

ஜெயா பக்கத்து வீடு. வாசலைத் தாண்டி, அவர் கண்ணுக்கு மறைவாக மதில் ஓரம் வந்ததும் மூடியைத் திருகினேன். திறந்தது. உள்ளே மாத்திரைகள் சின்னச் சின்னதாக வெள்ளையாக இருந்தன. திரும்பி நான்கு எட்டு வைத்தால் எங்கள் வீடு. திறந்த பாட்டிலோடு போய் நின்றால் எப்படித் திறந்தாய் என்று கேட்பார். அன்றைக்குக் கேட்காவிட்டாலும் பிழைத்து எழுந்து என்றைக்காவது கேட்பார். மூடினேன். திறந்து பார்த்தது தெரியக் கூடாது என்று நன்றாகவே இறுக்கினேன். பிறகு ஜெயா வீட்டு கேட்டைத் தட்டினேன். குளித்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை, இரண்டாவது தடவைதான் பலமாகத் தட்டினேன்.

ஈரத் தலையோடு ஓடிவந்து பாட்டிலை வாங்கி, எங்கள் வீட்டுக்குள்ளே போகும்போதே மூடியோடு மல்லுக்கட்டினாள். "என்னக்கா இது, இவ்ளோ டைட்டா இருக்கு" என்றாள். கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தாள். அவர் நாற்காலிக்குக் கீழே சரிந்திருந்தார். என் சீப்பு அவர் கையிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, பிரயோஜனமில்லை. ஜெயா இன்றைக்கும் தன் மேலேதான் பழியைப் போட்டுக்கொண்டு அழுகிறாள். குளிக்கப் போயிருக்கக் கூடாதாம். நான்தான் தேற்றுகிறேன்.

ஆமாம், என் கை திறந்து, என் கையே மூடிய பாட்டில் அது. திறந்தபடியே கொண்டுபோயிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். ஆனால் என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு பிழைத்திருப்பார். ஒரு நல்ல மனுஷனுக்கு அந்த வேதனை எதற்கு? நிம்மதியாக அனுப்பி வைத்தேன். அவர்மேல் பிரியம் இல்லாதவளால் அதைச் செய்திருக்க முடியாது.

நேரமாகிவிட்டது, உங்களுக்கு அடுத்த ஆள் காத்திருப்பார். மருமகள் பவானேஸ்வரி வேலையை விட்டுவிட்டு எனக்காக ஜொகூரிலிருந்து வந்து இருக்கிறாள். தங்கமான பெண், நேற்று மீன் முள்ளெடுத்து ஊட்டினாள். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கதவை மட்டும் நீங்கள் திறந்து விட்டுவிடுங்கள், மிஸ்.