பதினோராம் கவுண்டர்

காலை நேரம். வெள்ளவத்தையில் புறக்கோட்டை பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"எனக்கு விரல்ல ரேகையே இல்லன்னுட்டாங்கக்கா."

"எங்கடி?"

"குவைத்துக்கு மொதத்தடவ வேலைக்கிப் போனப்ப, அங்க எயார்போர்ட்ல. தேயிலக் கொழுந்து பறிச்ச கறையோட போகக்கூடாதுன்னு மொதநாளு தேசிக்காப் புளியும் கல்லும் வச்சித் தேச்சிட்டேன். மிசின் விரல எடுக்கவே இல்ல."

"திருப்பி அனுப்பியிருப்பாங்களே."

"அழுதுட்டேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு அவ பேக்ல இருந்து கிரீம் எடுத்து, ஒவ்வொரு விரலாத் தடவி, கையப் புடிச்சி அமுத்துனா. பச்ச லைட் எரிஞ்சிச்சி."

கொள்ளுப்பிட்டியில் இறங்க இளையவள் எழுந்தாள்.

"எம்பேரு, மூஞ்சி, பத்து விரலும் அவங்க கம்பியூட்டர்ல இருக்கு. அவ பேருதான் எனக்குத் தெரியாது. பதினோராங் கவுண்டர் பொண்ணுன்னு சொல்லித்தான் சாமிகிட்ட வேண்டிக்கிறேன்."