அழவிடாத பிள்ளை

அம்மா: …காலையில டாக்டரே திரும்பிப் பாத்துட்டாரு. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னு யாராவது ஆடு மாதிரி கத்துவாங்களா?

அப்பா: பின்ன? வாண்டு உதட்டப் பிதுக்கிட்டா. விட்டிருந்தா அழுதிருப்பா.

அம்மா: மானமே போச்சு.

அப்பா: நாலு மாசமா நாய், காக்கா, ஆடுன்னு எல்லாமும் ஆயாச்சு. மானம் எங்க மிச்சம் இருக்கு?

அம்மா: பக்கத்து வீட்டு அக்கா வேற, ‘எவ்ளோ சமத்து, சத்தமே இல்ல’ங்கறாங்க. அழுதா இவளுக்கு உதடு நீலமாயிடும்னு அவங்களுக்கு எங்க தெரியும்… பத்திக்கிட்டு வருது எனக்கு.

அப்பா: இன்னியோட சரி. பிறந்ததுலேர்ந்தே நுரையீரல்ல கொப்புளம் கொப்புளமா இருக்கே, அந்தக் கீழ்ப்பகுதிய மட்டும் எடுத்துட்டா, மிச்சம் தானா வளந்து இடத்த நிரப்பிடும்னாரே டாக்டர்.

அம்மா: வீடே இடியற மாதிரி அவ ஒரு தடவை அழணும்ங்க. அது போதும் எனக்கு… பிறந்தப்பவும் நான் மயக்கத்துல கிடந்தேன். நெஜமாவே அவ அழலையா?

அப்பா: எத்தனை தடவை கேப்ப? லேசா முனகினா. உடனே தூக்கிட்டு ஓடிட்டாங்க.

அம்மா: ம்…

அப்பா: ஏன் அப்படிப் பாக்கற?

அம்மா: ஒண்ணுமில்ல. மீசையில பிஸ்கட் தூள்.

நர்ஸ்: குழந்தையோட அம்மா அப்பாதானே? நல்லபடியா முடிஞ்சுது. குழாய எடுத்தாச்சு, தானா மூச்சு விடறா. ஆனா வாய் விட்டு அழணும், அப்பதான் நுரையீரல் விரியும். அவ என்னடான்னா… ஆரம்பிச்சு ஆரம்பிச்சு நிறுத்திட்டு வாசலையே பாக்கறா.

அம்மா: ஐயோ… ஆடு வரும்னு பாக்கறா சிஸ்டர்!

நர்ஸ்: ஆடா?

அப்பா: அது… நான்தான்.

நர்ஸ்: ஆடும் வேணாம், மாடும் வேணாம். கொஞ்ச நேரம் சத்தம் காட்டாம உக்காருங்க. கூப்பிடறேன்.

அப்பா: என் கையப் புடிச்சுக்கோ. இல்லன்னா கத்திடுவேன்.

அம்மா: புடிச்சுட்டேன்…

அப்பா: இன்னும் இறுக்கிப் புடி.

அம்மா: …கேக்குதா?

அப்பா: உள்ள வேற குழந்தைங்களும் இருக்கும்மா. அவசரப்பட்டு ஆசைப்படாத.

அம்மா: இல்ல, நம்ம வாண்டுதான்! முதல்ல ஒரு கமறல்… அப்புறம் இழுத்து ஒரு வீறல்… அவதான்!

அப்பா: உனக்கெப்படி… நீதான் அவ அழுது கேட்டதே இல்லையே?

அம்மா: நீங்க குளிக்கப் போனா உங்க போன எடுத்து தெனமும் அதத்தானே கேக்கறேன்… அவ பிறந்தப்ப அழுதத நீங்க பதிவு பண்ணது. தெரிஞ்சா நான் ஏங்கிப் போயிடுவேன்னு ஒளிச்சு வெச்சீங்களே, அதேதான். பேசாதீங்க… கேக்கணும்.