சுவரில் ஒரு கூட்டல் குறி

— இந்த வைப்பர் நட்டைக்கூடவா தராசுல வைக்கோணும், வேணுண்ணா?

— நட்டுன்னா எடை இல்லையா? பதினோரு கிராம். நகரு ம்மா, எழுதிக்கறேன்.

— பதினாலு மாசமா பாக்கறேனுங்க. ஷெட்டுக்குள்ள வந்ததும் செருப்பை ஓரமா விடுவீங்க, சாக்பீஸைக் காதுல சொருகுவீங்க. கழட்டினது எதுவானாலும் அந்தப் பழைய பேப்பர் கடைத் தராசுல ஏத்தி, சுவத்துல தேதி போட்டு, கழித்தல் குறி போட்டு, எடையை எழுதி, கீழ ஒரு கோடு இழுத்தாத்தான் அடுத்த ஸ்க்ரூவைத் தொடுவீங்க. காய்ச்சல் வந்தப்பக்கூட மப்ளர் சுத்திக்கிட்டு வந்து எழுதிட்டுப் போனீங்க.

— ரயில்வே வொர்க்ஷாப்புல இருபது வருஷம் ஆச்சு எனக்கு. எழுதாத வேலையை அங்க வேலைன்னே ஒத்துக்க மாட்டாங்க. கை அதுவா சாக்பீஸைத் தேடும்.

— ஏலத்துல இந்தக் கூபே காரை எடுத்த அன்னிக்கு டிக்கியில ஒரு தவளை இருந்துச்சே, அதையும் எடை போட்டீங்களா?

— ஹவ், ஆமா, போட்டேன். நாப்பது கிராம். அதோ, மேல் வரிசையில மொத எண்ட்ரி. கச்சிபௌலி அபார்ட்மெண்டுக்குக் கீழ, செல்லார்ல மூணு நாள் மழைத் தண்ணியில முழுகின வண்டி, தவளை இல்லாம வருமா?

— அந்தத் தவளையில ஆரம்பிச்சு, ரேஸுக்காக முந்நூறு கிலோ கழட்டிட்டோம். பின் சீட்டு, ஏசி, கார்பெட், கதவு அட்டை, தரையில ஒட்டியிருந்த தார் ஷீட்டு. அந்தத் தார் ஷீட்டைச் சுரண்டினது எனக்கு இன்னும் தோள்பட்டையில வலிக்குதுங்க.

— அது மட்டும் இருபத்தியாறு கிலோ. நீ சுரண்டினதை நான் மறக்கல. சரி, ரேஸ் ஃபாரம் முடிஞ்சுதா? கிளப்புல லக்ஷ்மிநாராயணன் சார் அஞ்சு மணிக்குப் பேர் வாங்கறதை மூடிடுவாரு.

— கிளப்புக்கு அனுப்ப வேண்டியது எல்லாம் எழுதிட்டேன். வண்டி ஒண்ணு, ஓட்டறவங்க ஒருத்தர். பேரு, வேணுகோபால். எடை மட்டும் பாக்கி.

— ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு ட்ராக்குல நாம ரெண்டு பேரும் ஓட்டிப் பாத்தோம். நான் ரெண்டு செகண்ட் முன்னால வந்தேன். நீ சண்டை போடுவே, இன்னொரு தடவை ஓட்டலாம்னு கேப்பேன்னு நெனச்சேன். வாயே திறக்கலியே, ஏன்?

— யாரு வேகமோ அவங்கதான் ரேஸ்ல உக்காரணும்னு பேசினோம். பேசினபடி நீங்க உக்காருங்க. வேற என்னங்க இருக்கு அதுல?

— ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன். ட்ராக்குல அன்னிக்கு வந்த எடையே போதும், தொள்ளாயிரத்து நாப்பத்தெட்டு. எழுது.

— இருங்கண்ணா. லக்ஷ்மிநாராயணன் சார் அன்னிக்கு எடுத்த எடைச் சீட்டை இன்னிக்குத்தான் வாட்ஸாப்புல அனுப்பியிருக்காரு. ரெண்டு சீட்டு இருக்கு. நான் ஓட்டி இறங்கினதும் ஒண்ணு, நீங்க ஓட்டி இறங்கினதும் ஒண்ணு.

— ரெண்டு தடவையா எடை போட்டாங்க?

— ஒவ்வொரு ஓட்டமும் முடிஞ்சு வெளிய வர்ற வழியில எடை மேடை மேல ஏத்தினாங்களே. ஆள் இறங்கி, வண்டி மட்டும். உங்க சீட்டுல தொள்ளாயிரத்து நாப்பத்தெட்டு. என் சீட்டுல தொள்ளாயிரத்து அறுபத்தாறு.

— பெட்ரோல்தான். நீ மொதல்ல ஓட்டினே. டேங்க்ல நெறைய இருந்திருக்கும்.

— பதினெட்டு கிலோன்னா இருபத்துநாலு லிட்டருங்க. நாம மாட்டின டேங்க்கே இருபது லிட்டர்தான்.

— அப்ப அவங்க மேடை தப்பு. வெயில்ல காஞ்ச மேடை, முள்ளு எங்க வேணா நிக்கும்.

— ஒரு மணி நேரத்துல உங்களுக்கு மட்டும் சரியாயிடுச்சா? இல்லைங்க, நான்தான் எதையோ வண்டியில விட்டுட்டு ஓட்டியிருக்கேன். டூல் பாக்ஸா, ஜாக்கியா. பாருங்க, இது என் தப்பாத்தான் இருக்கும். அன்னிக்குத் தேதியில சுவத்துல என்ன எழுதியிருக்கீங்க?

— அதெல்லாம் நக்கோ, வேண்டாம் ம்மா. மணி நாலாகுது. நாப்பத்தெட்டுன்னு போட்டு அனுப்பு.

— உங்க சுவரு பொய் சொல்லாதுங்களே, அதான் பாக்கறேன். இதோ, பதிமூணாம் தேதி. பெட்ரோல் பன்னெண்டு லிட்டர்னு போட்டிருக்கு. கீழ கோடு. அதுக்குக் கீழ ஸ்பானர் போர்டு தொங்குது. இது இங்க எப்ப வந்துச்சு, முன்னால ஜன்னல் பக்கம்தானே இருக்கும்?

— அஸ்வினி, போர்டை எடுக்காதே.

— ஏனுங்க?

— ஆணி லூசா இருக்கு.

— ஆணி கெட்டியாத்தான் இருக்கு, எடுத்துட்டேன். அதே பதிமூணாம் தேதி. ஈயம், பதினெட்டு புள்ளி ரெண்டு. ஏனுங்கண்ணா, இந்தச் சுவத்துல நானூறு வரி இருக்கும். எடை எழுதினது எல்லாத்துக்கும் முன்னால கழித்தல் குறி. இதுக்கு மட்டும் கூட்டல் குறி போட்டிருக்கீங்க.

— போர்டைத் திருப்பி மாட்டிடு ம்மா.

— வேணுண்ணா.

— அக்ஷதாவுக்குத் தெனம் சாப்பிடறப்ப ஒரு கதை சொல்லணும். நேத்து ஒண்ணு சொன்னேன். கேக்கறியா?

— உங்க பொண்ணுக்குச் சொன்ன கதை எனக்கு இப்ப எதுக்குங்க?

— கேளு. ஒரு மரங்கொத்தி இருந்துச்சு. மூக்கு தேயத் தேய ஒரு மரத்துல பொந்து கொத்திச்சு. பங்குக்கு ஒரு அணில் வந்து சேந்துச்சு. நல்ல அணில்தான், அதுவும் கூட நின்னு சிராய் பொறுக்கிச்சு. ஆனா பொந்துலேர்ந்து அணில் வெளிய தாவறப்ப அவ்வளவு அழகு. போற வர்ற பறவையெல்லாம் நின்னு பாக்கும். கடைசியில அந்தப் பொந்துக்கு ஊருல என்ன பேரு தெரியுமா? அணில் பொந்து.

— மேல சொல்லுங்.

— மரங்கொத்திக்குத் தாங்கல. அணிலோட வால் மயிருக்குள்ள தெரியாம கூழாங்கல்லை வச்சுப் பின்னிடுச்சு. மறுநாள் அணில் தாவுது, கிளை எட்டல. யாரோ கல்லு வச்சாங்கன்னு அதுக்குத் தோணல. எனக்கு வயசாயிடுச்சு, இனிமே தாவறது என் வேலையில்லன்னு பேசாம உக்காந்துடுச்சு.

— அக்ஷதா என்ன சொன்னா?

— மரங்கொத்தி போய்ச் சொல்லிடுச்சாப்பான்னு கேட்டா. சாப்பிடு, தோசை ஆறுதுன்னேன்.

— கதையில வேண்டாங்க. மரங்கொத்தி, அணில் எல்லாம் விட்டுட்டு, நீங்க செஞ்சதை நீங்களே உங்க வாயால சொல்லுங்.

— டயருக்கு பேலன்ஸ் பாக்கறப்ப ஒட்டற ஈயக்கட்டி. சாக்குல சுத்தி, பின் இடது மூலையில ஸ்பேர் டயர் பள்ளத்துல வச்சேன். நீ ஓட்டி முடிச்சதும் வீல் நட்டு முடுக்கறேன்னு சொல்லிக் குனிஞ்சு எடுத்துட்டேன். அதுக்குள்ள மேடையில எடை போட்டுட்டாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன்.

— இடது வளைவுல வால் உதறுதுண்ணான்னு வந்து சொன்னேன். என்ன பதில் சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?

— உன் கை அவசரப்படுது ம்மான்னு சொன்னேன்.

— அந்த மூட்டை அவுந்திருந்தா? நூத்தி நாப்பதுல பின்னாலேர்ந்து பதினெட்டு கிலோ ஈயம் என் முதுகுக்கு வந்திருந்தா?

— கம்பி போட்டு நாலு முடிச்சு கட்டியிருந்தேன். இழுத்துப் பாத்துட்டுத்தான் விட்டேன்.

— அதுலயும் ஒரு நேர்த்தி. பண்ணின துரோகத்தைக்கூட எடை போட்டு, தேதி போட்டு எழுதி வச்சிருக்கீங்க.

— எழுதாம இருக்க முடியல. எழுதினேன், அழிக்கப் போனேன், அழிக்கவும் முடியல. அதான் போர்டை மாட்டினேன்.

— எதுக்கு? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க போதும். நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?

— நீ ஒண்ணும் பண்ணல. அதுதான் பொறுக்கல. நான் ஆறு மாசம் இந்த இன்ஜினைப் பிரிச்சு, வண்டலைத் துடைச்சு, பல்லுப் பல்லா கோத்தேன். நீ லேப்டாப்பைச் செருகி நாலு நிமிஷம் தட்டினே, அது பாட ஆரம்பிச்சுது. கிளப்புல எல்லாரும் உன் தோள்ல தட்டினாங்க. மல்காஜ்கிரியில எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கோம். ஒருத்தன் இந்த ஷெட்டைக் காட்டி வேணு ஷெட்டுன்னு சொல்ல மாட்டேங்கறான். அஸ்வினி மேடம் கார் நிக்குமே, அந்த ஷெட்டான்னு கேக்கறான்.

— மேடம்னு கூப்பிட வேண்டாம்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

— சொன்னே. அதுவும் எரிச்சலா இருந்துச்சு. என் பொண்டாட்டி சுமதி ட்ராக்குக்கு மொதல் தடவை வந்தா. வந்து உன்னைத்தான் வீடியோ எடுத்தா. வீட்டுக்கு வந்து எனக்கே போட்டுக் காட்டறா, பாருங்க இந்தப் பொண்ணு திருப்பற அழகைன்னு. நான் சோத்துல கை வச்சபடியே உக்காந்திருந்தேன். கூடப் பொறந்த தம்பி மேல வராத பொறாமை, அஸ்வினி, உன் மேல வந்துச்சு. உன் கை மேல வந்துச்சு.

— அந்தக் கையைத்தான் மூணு வாரமா நான் நம்பறதில்லைங்க. ஆபீஸ் போறப்பக்கூட கேப்லதான் போறேன். ஹெல்மெட்டை அமீர்பேட்ல ஹாஸ்டல் ரூம்மேட் பிந்துகிட்ட கொடுத்துட்டேன், அவ ஸ்கூட்டி ஓட்டறதுக்கு. பொள்ளாச்சிக்கு போன் போட்டு அம்மாகிட்ட, இனிமே ரேஸ் பேச்சு எடுக்க மாட்டேம்மான்னு சொல்லிட்டேன். அவங்க சந்தோஷப்பட்டாங்க. நான் போனை வச்சுட்டு பாத்ரூம்ல அழுதேன்.

— நீ சும்மா விட்டுக் கொடுத்தேன்னுதான் நெனச்சேன். இவ்வளவு இருக்கும்னு...

— நெனச்சிருந்தா வச்சிருக்க மாட்டீங்களா?

— தெரியல. பொய் சொல்ல மாட்டேன். அந்தக் காலையில வச்சிருப்பேன்னுதான் நெனைக்கறேன். ஒண்ணு சொல்றேன், கேளு. என் ஓட்டத்துல நேர் ரோட்டுல இன்ஜின் ஓடல. பாதிக்கு மேல போனா யாரோ கழுத்தைப் பிடிச்ச மாதிரி மூச்சு முட்டுது. வெள்ளத்துல முழுகின இன்ஜின், எங்கயோ இன்னும் தண்ணி நிக்குதுன்னு நெனச்சேன். இறங்கினதும் உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. அவளுக்கு ஈயம் வச்ச உனக்கு இதுதான் வேணும்னு வாயை மூடிக்கிட்டேன். அதோடயும் ரெண்டு செகண்ட் முன்னால வந்துட்டேன். வந்ததுலேர்ந்து ஒரு வாய் சோறு ருசிக்கல.

— மூச்சு முட்டுச்சா? அதை நீங்க கவனிச்சீங்களா?

— ஓட்டறவனுக்குத் தெரியாதா? விடு அது. அந்த ஃபாரத்துல என் பேரை அடி. உன் பேரை எழுது. லக்ஷ்மிநாராயணன் சாருக்கு நானே போன் போடறேன், ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் கேளு. இந்த வேணுகோபால் ஈயம் வச்சான்னு என் வாயால சொல்றேன். கிளப்பை விட்டு எடுத்தாலும் சரி.

— போன வாரம்தான் டிரைவர் சீட்டை உங்க காலுக்கு அளவெடுத்து வெல்டு வச்சீங்க. முன்ன பின்ன நகர்ற தண்டவாளம் நாலு கிலோன்னு அதையும் வெட்டித் தூக்கிப் போட்டாச்சு. எனக்கு பெடல் எட்டாதுங்க.

— அதுக்குத்தான் இந்தக் கிரைண்டர். நாலு வெல்டையும் அறுத்து, சீட்டை முன்னால தள்ளி உன் காலுக்கு வைக்கறேன். அப்புறம் என் முழங்கால் ஸ்டீயரிங்குக்குக் கீழ நுழையாது, இந்த ஜென்மத்துக்கு நான் இதுல உக்கார முடியாது. அதுதான் சரி. கண்ணை மூடிக்கோ, தீப்பொறி தெறிக்கும்.

— ஸ்விட்ச்சைப் போடாதீங்கண்ணா.

— நக்கோ, தடுக்காதே. மணி நாலரை.

— கிரைண்டரைக் கீழ வைங்க. அந்த போனையும் இப்பிடிக் கொடுங்க, லக்ஷ்மிநாராயணன் சார்கிட்ட மொதல்ல நான் பேசோணும். உங்க இன்ஜின்ல தண்ணி நிக்கலைங்க. நீங்க ஏறறதுக்கு முன்னால லேப்டாப்பைச் செருகி, நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து வரைக்கும் போக வேண்டிய இன்ஜினை ஐயாயிரத்துல நிறுத்தினவ நான்தான். அப்பிடிக் கழுத்தைப் பிடிச்சும் உங்களை ஜெயிக்க முடியலைன்னுதாங்க இந்தக் கையை வெறுத்தேன். சீட்டு உங்க காலுக்கே இருக்கட்டும்.