பூனைக்கு ஒன்றும் ஆகாது

எனக்குக் கதைக்க வராது, எழுதத்தான் வரும். அதை விளங்கிக்கொண்டு கடதாசியும் பேனையும் தந்ததற்கு நன்றி, ரிஸ்லா அக்கா. பொலிசில் இருப்பவர்கள் இவ்வளவு பொறுமையாக இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. பக்கத்து வீட்டுப் பிரசாந்தினிக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, இருப்பது தெரிந்தும் அந்த வீட்டுக்குள் நான் பூனையை விட்டேனா என்பது. அவளின் தகப்பன் ஆனந்தராசா அப்படித்தான் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். பிரசாந்தினி இப்போது ஆஸ்பத்திரியில் ஒட்சிசனோடு கிடக்கிறாள். மருந்து ஏற்றினால் கொஞ்சம் தெளிகிறாள், பிறகு திரும்பவும் மூச்சுத் திணறுகிறது. எதனால் என்று டொக்டர்மாருக்குப் பிடிபடவில்லை. காரணம் தெரிந்தால் காப்பாற்றலாம் என்று சொன்னீர்கள். முழுவதையும் எழுதுகிறேன். ஒழுங்காக எழுத விடுங்கள். இடையில் எழும்பி நடந்தால் கோபிக்க வேண்டாம். இப்போதெல்லாம் ஒரு இடத்தில் இருக்க முடிவதில்லை.

நான் விலங்கியல் படித்தவள். பகலில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறேன். மற்ற நேரத்தில் புனைபெயரில் இணையத்தில் தொடர்கதை எழுதுகிறேன். காதல் கதைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாயோ பூனையோ வரும். இந்த வகைக் கதை எழுதும் பெண்கள் நாங்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் இலேசான வேலை மாதிரித் தெரியும். அப்படியில்லை. கதாநாயகன் பொய் சொல்லலாம், கை ஓங்கலாம், வாசகிகள் மன்னித்துவிடுவார்கள். கதாநாயகியின் தாயைச் சாகடித்தால் ஒன்றிரண்டு பேர் அழுகிற முகம் போடுவார்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று எழுதிவிட்டால் போன் ஓயாது. "பொட்டுக்கு ஒண்டும் ஆகாது தானே? ஆகும் எண்டா இப்பவே சொல்லுங்கோ, நான் வாசிக்கேல்லை." பொட்டு என் தொடரில் வரும் பூனை.

முதலில் என் பூனைகள் சரியாக வரவில்லை. உப்புவெளியிலிருந்து நாய்க் கதைகள் எழுதும் லோஜினி அதை மறைக்காமல் சொன்னாள்.

"உம்மட பூனை சோதினைக்கு விடை எழுதுற மாதிரியெல்லோ நடக்குது. அது நக்கும், கீறும், சொல்வழி கேளாது. ஒண்டை வளத்துப் பாருமன்."

அந்தக் காலத்தில்தான் அன்புவழிபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டை இராகுலன் வாடகைக்கு எடுத்தார். கட்டைபறிச்சான் ஊர்க்காரர். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் இழுவைப் படகில் வேலை. படகின் கயிற்றுச் சுருளுக்குள் கிடந்த ஒரு சாம்பல் பூனைக்குட்டியையும் கொண்டுவந்திருந்தார். கூட வேலை செய்கிற சிங்களப் பொடியன்கள் அதற்கு நங்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். தங்கச்சி என்று அர்த்தம். நான் மேலே 'அவள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "பூனைய 'அது' எண்டு போடுங்க தங்கச்சி, பிறகு ஆரெண்டு குழம்பும்" என்றீர்கள். வெட்டித் திருத்திவிட்டேன்.

அவருக்கு வேலை நேரம் மாறி மாறி வரும். ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, வீட்டைப் பூட்டிய திறப்பை என்னிடம் நீட்டினார். நான் அதுவரை அவரோடு ஒரு சொல்லும் பேசியதில்லை.

"நம்மட நங்கியக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க, என்ன? சூடை மீன் எண்டா நல்லாத் தின்னும்."

எங்கள் வீட்டில் 'எங்கட' என்றுதான் சொல்வோம். நம் என்ற சொல் எனக்கு எழுத்தில்தான் பழக்கம். எழுத்தில் நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே, நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. அவர் என் பூனை என்று சொல்லவில்லை. யோசித்து எடுத்த சொல் என்றுதான் எனக்குப் பட்டது.

சற்று முன் இதை வாயால் சொன்னபோது நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "கிண்ணியாவில நாங்களும் அப்பிடித்தான் தங்கச்சி. நம்மட வீடு, நம்மட வாப்பா, நம்மட புருசன். அதுக்காக என்ட புருசன்ல உங்களுக்கும் பங்கு இரிக்கெண்டா சொல்றன்?" நானும் சிரித்தேன். அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு மனிதர் ஒரு சொல்லை விட்டு இன்னொரு சொல்லை எடுக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அதற்குப் பிறகு என் பூனைகள் உயிரோடு வந்தன. நங்கி செய்ததையெல்லாம் பொட்டு செய்தது. அவர் வேலைக்குப் போனதும் சப்பாத்துக்குள் தலையை விட்டுப் படுப்பது, மழை வந்தால் குசினி ஜன்னலில் ஏறி மழையைப் பார்த்துக் கத்துவது. வாசகிகள் பெருகினார்கள். "உம்மட கதாநாயகன் வாய் திறக்க முன்னம் பூனை மூண்டு பக்கம் கதைச்சிட்டுது" என்று லோஜினி பகிடி பண்ணினாள். "அதுசரி, இழுவைப் படகு ஓட்டுறவர் ஆரடி? முந்தியெல்லாம் உமக்கு டொக்டர்மார் தானே வாறது?" கற்பனை என்றேன். கற்பனைதான்.

எங்கள் வகைக் கதையில் ஒரு விதி உண்டு. பூனை யாருடைய மடியில் போய்ப் படுக்கிறதோ அவள்தான் கதாநாயகி. மற்றவள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பூனை அவளைக் கண்டு சீறும். மனிதர்களுக்குக் கடைசி அத்தியாயத்தில் விளங்குவது பூனைக்கு முதல் அத்தியாயத்திலேயே விளங்கிவிடும். நங்கி என் மடியில்தான் படுத்தது. இதை ஓர் அவதானிப்பாக மட்டும் எழுதுகிறேன்.

இராகுலனுக்குச் சாம்பல்தீவில் பெண் பார்த்தார்கள். கலியாணம் முடிந்து பிரசாந்தினி வந்த அன்றே அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. சின்ன வயதிலிருந்தே முட்டு, பூனை என்றால் கொஞ்சமும் ஆகாது. நங்கி என் வீட்டுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க அவளே மஞ்சள் கேக்கோடு வந்தாள். வாசலோடு நின்றாள், உள்ளே வரப் பயம்.

"அக்கா, என்னில கோவமோ? எனக்குப் பூனை எண்டா உயிர். தொடத்தான் ஏலாது. அதால கதையில வாசிக்கிறனான். பொட்டு எண்டு ஒரு பூனை வருது, நெட்டில, ஆரோ எழுதுறா. கதையில எண்டா எவ்வளவும் தடவலாம், முட்டு வராது."

நல்ல கதையா என்று கேட்டேன்.

"பூனை நல்லம். அந்த ரெண்டு பேரும்தான், கலியாணத்தைக் கட்டித் துலையுங்கோவன் எண்டு இருக்கும்."

நான் அவளை வெறுக்கவில்லை. அவளைப் போல வாசகிகள் கிடைப்பது அரிது.

ஆனால் நங்கி அமைதியாக இருக்கவில்லை. எந்த நேரமும் மதிலில் ஏறி அந்த வீட்டு ஜன்னலுக்குப் போகும். ஜன்னல் பூட்டியிருக்கும். திரும்பி வரும், மீனை முகர்ந்து பார்க்கும், தின்னாது, மறுபடியும் மதிலில் ஏறும். அது நடக்க நானும் வீட்டுக்குள் நடந்தேன். ஆய்வுகூடத்தில் கதிரையில் இருந்தால் கால் தானாக ஆடியது. வேலை முடிந்து டச்சுக்குடாக் கரையில் ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை போய்ப் போய் வந்தேன். ஓர் இழுவைப் படகு தெரிந்தால் நிற்பேன், அதில் யார் நிற்கிறார் என்று தெரியாத தூரத்தில் இருக்கும், பிறகு நடப்பேன். தொடரும் நகரவில்லை. கதைக்குள்ளும் கதாநாயகன் வீட்டுக்கு இன்னொருத்தியைக் கொண்டுவந்து, பொட்டுவை அயல்வீட்டில் விட்டிருந்தேன். வாசகிகள் விடவில்லை. பொட்டு தன்ர வீட்டுக்குப் போகோணும். எப்ப போகும்? ஏன் இழுத்தடிக்கிறீங்கள்?

லோஜினியிடம் கேட்டேன். கதையைப் பற்றித்தான்.

"மற்றவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பும். வீடு ஒத்துவரேல்லை, கடல்காத்து ஒத்துவரேல்லை, ஏதாவது சொல்லும். நாங்கள் எல்லாரும் அதைத்தானே செய்யிறது."

அது நியாயமாக இருந்தது. எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான். பிரசாந்தினிக்கு அந்த வீடு ஒத்துவராமல் போகவேண்டும். அவள் சாம்பல்தீவுக்குப் போய் நன்றாக இருக்கலாம். நங்கி தன் வீட்டுக்குப் போகலாம். யாருக்கும் நட்டமில்லை.

இப்போது உங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நீங்கள் கதவடியில் நின்று கதைத்தாலும் எனக்குக் கேட்டது. இன்னும் மோசமாம். குழாய் போட வேண்டி வரலாமாம். "கெதியா எழுதுங்க தங்கச்சி" என்கிறீர்கள். கெதியாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அவசரப்பட்டால் வசனம் கெட்டுவிடும்.

உங்கள் கேள்விக்குப் பதில் இது. நான் அந்த வீட்டுக்குள் பூனையை விடவில்லை. திறப்பு என்னிடம் இருந்தது, அவர் திருப்பிக் கேட்கவில்லை. ஆனாலும் விடவில்லை. கண்டால் யாராவது நங்கிக்கு அடிப்பார்கள். அப்படி ஒரு காரியத்தை நான் செய்யமாட்டேன்.

அதற்குத் தேவையும் இருக்கவில்லை. முட்டு வருத்தத்தை உண்டாக்குவது பூனை இல்லை, பூனையின் மயிரும் இல்லை. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது எச்சிலில் இருக்கும் ஒரு புரதம் மயிரில் ஒட்டிக் காய்கிறது. பிறகு தூசியாகிப் பறக்கிறது. துணியில், பஞ்சில், மாதக்கணக்கில் கிடக்கும். இது பாடப்புத்தகத்தில் உள்ள விடயம்.

கலியாணத்துக்கு நான் அவர்களுக்கு ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. அதனால் இலவம் பஞ்சு வாங்கி, தலையணை ஒன்று தைத்தேன். உறையில் சின்னப் பூக்கள் போட்டேன். நங்கியைச் சீப்பால் வாரும்போது வந்த மயிரைச் சேர்த்து வைத்திருந்தேன். அதைப் பஞ்சோடு கலந்தேன். பிரசாந்தினிக்குத் தலையணை நன்றாகப் பிடித்துப்போயிற்று. கழுத்துக்குச் சுகமாக இருக்கிறது என்று மதிலுக்கு மேலால் சொன்னாள். சொல்லும்போதே இருமினாள்.

கடல்காற்றுத்தான் ஒத்துவரவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. இராகுலனைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்றாள். கதையில் ஒருத்தி இப்படி நின்றால் எழுதுகிறவள் ஏதாவது செய்துதான் ஆகவேண்டும். நான் ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்தேன். அவளின் இரத்தம் எங்கள் ஆய்வுகூடத்துக்குத்தான் வந்தது. ஒவ்வாமையைக் காட்டும் இரத்தக் கலங்கள் அதிகமாக இருந்தன. நான் எதையும் மாற்றவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். அதில் நேர்மையாகவே நடந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் அவளை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாட்டில் அவள் சுகமாகி வந்தாள். சோறு தின்றாள், போன் பார்த்தாள். பொட்டு வீட்டுக்குப் போய்விட்டதா என்று இணையத்தில் என் தொடரின் கீழே கேட்டும் இருந்தாள். டொக்டர் வீட்டுக்கு அனுப்பலாம் என்றாராம். அன்றைக்குத்தான் இராகுலன் எனக்குப் போன் எடுத்தார். அவர் எனக்கு எடுத்த முதல் போன் அது.

"ஒரு உதவி செய்வீங்களா? அவளுக்கு அந்தத் தலகணி இல்லாம நித்திரை வருதில்ல. ஆஸ்பத்திரித் தலகணி கல்லு மாதிரி இரிக்காம். நீங்க தச்சுக் குடுத்ததுதான் வேணுமாம்."

எங்கள் ஊரில் வாட்டில் நிற்பவர்கள் வீட்டிலிருந்து தலையணை, போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுபோவது வழமைதானே. யாரும் ஏனென்று கேட்பதில்லை. நான் பின்கதவைத் திறந்து, தலையணையைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தேன். தெருவில் வந்துகொண்டிருந்த ஆனந்தராசா கண்டது அதைத்தான். துணிக்குள் பூனை இருக்கிறது, வீட்டுக்குள் விட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுபோகிறேன் என்று நினைத்துவிட்டார். அவரில் பிழையில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரி வாசல்வரை போய்ச் சற்று நேரம் நின்றேன் என்பதையும் எழுதவேண்டும். கடலில் போட்டுவிடலாம், பக்கத்தில்தான் கடல். கடையில் வேறொன்று வாங்கிக் கொடுத்திருக்கலாம். இரண்டையும் யோசித்தேன். ஆனால் அவர் கேட்டது அந்தத் தலையணையை. அவர் கேட்ட எதையும் நான் மறுத்ததில்லை.

பிரசாந்தினி இரண்டு கையாலும் வாங்கினாள். "தாங்ஸ் அக்கா, இப்பதான் வீட்ட மாதிரி இருக்கு" என்றாள். நானே அதைத் தட்டி, தலைக்குக் கீழே வைத்துவிட்டேன்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, ரிஸ்லா அக்கா. நான் இதை எழுதத் தொடங்கியபோதும் இருந்தது. இதையே முதல் வரியாக எழுதியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதியிருக்கலாம். ஆனால் முதல் வரியில் சொல்லிவிட்டால் மிச்சத்தை யாரும் வாசிக்கமாட்டார்கள். நங்கிக்காகத்தான் இதெல்லாம் செய்தேன் என்பது விளங்காமல் போய்விடும். வேறு எவருக்காகவும் செய்யவில்லை.

வாசித்ததும் நீங்கள் வாட்டுக்குத்தான் ஓடுவீர்கள். வாசலில் போட்டிருக்கும் வாங்கில் இராகுலன் குந்தியிருப்பார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார். உள்ளே போவதற்கு முன், சாப்பிட்டாரா என்று கொஞ்சம் கேளுங்கள்.